ஆர்லன் போட்ட நாற்காலிகள்

எங்கள் எமரி மாவட்டத்தில் ஈஸ்டர் வாரம் வீட்டில் தங்குகிறவர்கள் இரண்டே வகை: நோயாளிகள், கோழி வளர்ப்பவர்கள். மற்ற எல்லோரும் படுக்கையும் அடுப்பும் உள்ள டிரெய்லரை டிரக்கில் பூட்டிக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விடுவார்கள். நானும் என் மனைவி ரீட்டாவும் பானைப்பாறைக்குப் போவோம். அந்த வருஷமும் போனோம். எங்களுக்கு முன்பே ஆர்லன் ஸ்டக்கி வந்து உட்கார்ந்திருந்தார்.

அவர் எப்போதும் முன்பே வந்துவிடுவார். பாறையடியில் காற்று படாத இடங்கள் ஐந்துதான். நடு இடத்தில் அவருடைய பழைய டிரெய்லர் நிற்கும். மற்ற நான்கிலும் இடத்துக்கொரு பச்சை மடக்கு நாற்காலி போட்டிருப்பார். காற்று தூக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். நாங்கள் எதிரே, வறண்ட ஓடைக்கு இந்தப் பக்கம், ஒற்றை ஜூனிபர் மரத்தடியில் இறங்குவோம். எனக்கு அந்த ஐந்தில் ஒன்றின்மேல் ஆசை இருந்ததுண்டு. ஆனால் நாற்காலி கிடந்தது.

நாற்காலி போட்டால் இடம் போட்டவருடையது. இப்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நுழைவிடத்தில் அரசாங்கம் நட்ட பலகை இதற்கு நேர்மாறாகத்தான் சொல்கிறது. அந்தப் பலகையின் மேல் சாய்ந்து நின்று நாங்கள் பேசிக்கொண்டிருப்போமே தவிர, யாரும் அதன்படி நடந்ததில்லை. நாற்காலிக்கு மரியாதை உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: போட்டவர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆள் அகன்றுவிட்டால் அது வெறும் நாற்காலி.

ஆர்லன் காத்துக்கொண்டிருந்தது தன் தங்கை லவானின் குடும்பத்துக்காக. மலைக்கு அந்தப் பக்கம் பேசன் என்ற ஊரில் இருக்கிறார்கள். லவானுக்கும் அவள் கணவருக்கும் ஒரு டிரெய்லர், மூன்று பிள்ளைகளின் குடும்பங்களுக்கு மூன்று. வியாழன் மதியம் வந்து திங்கள் காலை போய்விடுவார்கள். ஆர்லன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் அது கால் இல்லாமல் பிறந்ததைப் போல. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். தேவாலயத்துக்கும் போவதில்லை, எங்கள் சபை விலக்கி வைத்த காப்பியை வேறு குடிப்பார். கிறிஸ்துமஸுக்கு லவான் கூப்பிட்டாலும் போகமாட்டார். நாற்காலி போட்டுக் காத்திருந்து கிடைக்கும் அந்தச் சில நாட்கள்தான் அவருக்குக் குடும்பம். அது ஒன்றுதான்.

அவரை எனக்குச் சுரங்கத்திலிருந்து தெரியும். நிலக்கரிச் சுரங்கத்தில் வாயு பார்க்கிறவர் அவர். ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் தன்னந்தனியாக உள்ளே இறங்கி, வாயுக் கருவியைக் கூரையோரம் நீட்டிப் பார்ப்பார். இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிக் காது கொடுப்பார். நல்ல பாறை மணிபோலச் சொல்லும். பிரிந்து நிற்கும் பாறை பறைபோலச் சொல்லும். சரியாக இருந்தால் சுவரில் சாக்கட்டியால் தேதியும் ‘ஏ.எஸ்.’ என்ற எழுத்துகளும் எழுதுவார். அந்த எழுத்து இல்லாத இடத்தில் நாங்கள் கால் வைத்ததில்லை. அவரைப் பிடித்ததால் அல்ல. எங்களில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. மதியச் சாப்பாட்டு டப்பாவை நாம் திறக்கும்போதுகூட உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கிற ஆள் அவர். ஆனால் அவர் எழுதிய சுவர்களுக்கு நடுவில் நான் வேலைக்காலம் முழுவதும் நடந்து, முழு உடம்போடு வெளியே வந்தேன்.

சந்தேகம் அவருக்கு இயல்பாக இருந்து தொழிலானதா, தொழிலாக இருந்து இயல்பானதா என்று யோசித்ததுண்டு. விடை கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கூரை போய்விட்டது, தட்டுகிற கை நிற்கவில்லை. மனிதர்களைத் தட்டத் தொடங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த செவ்வாய்க்கிழமை நான் டிரெய்லரைச் சமன் செய்து முடிப்பதற்குள் கையில் காப்பியோடு ஓடையைக் கடந்து வந்துவிட்டார்.

“தம்பி, லவான் போன வாரம் போன்ல என்ன சொன்னா தெரியுமா?”

“என்னண்ணே?”

“‘அண்ணே, இந்த வருஷம் நீ ரொம்ப சிரமப்படாதே’ன்னா.”

“அக்கறையாச் சொல்லியிருக்கும்.”

“இத்தனை வருஷமா எங்க போச்சு அந்த அக்கறை? அதுமட்டுமில்ல. கெல்டன் இருக்கான்ல, அவ மூத்த பையன், அவனோட மாமனார் செயின்ட் ஜார்ஜ்ல வீடு வாங்கியிருக்கான். நீச்சல் குளத்தோட.”

“வாங்கட்டுமே.”

“வாங்கட்டுமேன்னா? ஈஸ்டருக்கு ரெண்டு வாரம் முன்னாடி எதுக்கு வாங்கணும்? புள்ளைங்க தண்ணியப் பாத்தா பாறைய மறந்துடும்டா.”

உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த ரீட்டா கதவு வழியாகக் குரல் கொடுத்தாள். “ஆர்லண்ணே, உங்க நிழல் உங்க பின்னாடியே வருதே, அதுக்கிட்ட ஏன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். பதில் சொல்லல. அதான் எனக்குச் சந்தேகம்,” என்றார் அவர், சிரிக்காமல்.

புதன்கிழமை கூட்டம் வரத் தொடங்கியது. வியாழன் காலை நாற்காலிகளின் மேலிருந்த கற்களை எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் துணியால் துடைத்தார். மதியம் ஆயிற்று. லவான் வரவில்லை. சாயங்காலம் ஆயிற்று. வேறு யார் யாரோ வந்தார்கள். பாறையைச் சுற்றும் மண் பாதையில் டிரெய்லர்கள் மெதுவாக ஊர்ந்து, நாற்காலிகளைப் பார்த்து, அவரைப் பார்த்து, மேலே போயின. அவர் ஒரு நாற்காலியில் கொஞ்ச நேரம், அடுத்ததில் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி உட்கார்ந்தார். நான்கிலும் ஆள் இருப்பதாகத் தெரிய வேண்டுமாம்.

ஒரு வெள்ளை டிரக் மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றியது. பக்கக் கண்ணாடியை டேப் சுற்றி ஒட்டியிருந்தார்கள். பின்னால் இழுத்த டிரெய்லர் அந்த டிரக்குக்குப் பழக்கப்படாதது என்று வளைவுகளில் தெரிந்தது. பின் ஜன்னலில் சின்ன முகங்கள்.

“பாரு, மறுபடி வர்றான்,” என்றார் ஆர்லன். “நாற்காலி எவ்வளவு நேரமா காலியாக் கெடக்குன்னு கணக்குப் பண்றான். நான் ஒண்ணுக்குப் போற நேரம் பாக்கிறான்.”

“இடம் கிடைக்காம சுத்துறாங்கண்ணே.”

“அப்படித்தான் தெரியும். அப்படித் தெரியணும்னுதான் சுத்துறான்.”

டிரக் நின்றது. ஓட்டி வந்த இளைஞன் தலையை நீட்டினான். பின்னால் அவன் பெயர் ஆபெல் என்று தெரிந்துகொண்டோம். பிரைஸில் மின்சார வேலை செய்கிறவன். பக்கத்தில் மனைவி யெசேனியா, மடியில் கைக்குழந்தை.

“ஐயா, இந்த நாலு இடமும் உங்களுதா?”

“ஆமா.”

“நாலுமா?”

“ஆளுங்க வந்துட்டே இருக்காங்க.”

“எப்ப வருவாங்க?”

“உனக்கு எதுக்கு? நீ அவங்களுக்குச் சோறாக்கப் போறியா?”

யெசேனியா கணவனின் தோளில் தட்டினாள். “விடு, போலாம். பெரியவரு பாறையையும் சேத்து வாங்கிட்டாரு போல.”

அவர்கள் போய் மேட்டு வெளியில் இறங்கினார்கள். அங்கே நிழலில்லை, மறைப்பில்லை. மேற்கிலிருந்து வரும் காற்று தடையில்லாமல் வந்து மோதும் இடம். அன்று காற்று நன்றாகவே இருந்தது.

பானைப்பாறையில் போனுக்கு சிக்னல் கிடையாது. நெடுஞ்சாலையருகே முகட்டுக்கு ஏறினால் கிடைக்கும். அரை மணி ஓட்டம். ஆர்லன் போக முடியாது; போனால் நாற்காலிகள் வெறும் நாற்காலிகளாகிவிடும்.

“நான் போய்ப் பேசிட்டு வர்றேண்ணே,” என்றேன்.

“வேணாம்.”

“ஏன்?”

“நீ நல்லவன். அவங்க வரலேன்னு சொன்னாலும் ‘வர்றாங்க’ன்னு வந்து சொல்லுவே.”

“நிஜத்தையே சொல்றேன்.”

“நிஜத்தச் சொன்னேங்கிறது எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் கேள்வியில் தவறில்லை. அப்படிக் கேட்டுக்கொண்டே போனால் உலகத்தில் எந்தச் செய்தியும் யாருக்கும் போய்ச் சேராது என்பதுதான் குறை.

வெள்ளிக்கிழமை காலை ரீட்டா ஐஸ் வாங்க ஹண்டிங்டனுக்குப் போனாள். திரும்பி வந்ததும் டிரக்கை நேராக ஆர்லனிடமே ஓட்டிப் போய் நிறுத்தினாள். நானும் ஓடையைக் கடந்து போனேன்.

“லவான் கூப்பிட்டுச்சு,” என்றாள். “உங்களுக்கு லைன் கிடைக்கலேன்னு எனக்கு அடிச்சுருக்கு. சோல்ஜர் கணவாய் ஏறும்போது கெல்டன் டிரெய்லர்ல ஒரு சக்கரத்து பேரிங் எரிஞ்சு போச்சாம். எல்லாரும் அவங்கூடவே நின்னுட்டாங்க. சாமான் இன்னிக்குக் காலைல கைக்கு வருது, சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம், அண்ணன்கிட்ட சொல்லுன்னுச்சு.”

ஆர்லன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கையிலிருந்த காப்பிக் கோப்பையைத் தரையில் வைத்தார்.

“எந்தச் சக்கரம்?”

“அதெல்லாம் நான் கேக்கல.”

“கெல்டன் வண்டி பேரிங்க அக்டோபர்ல பிரிச்சு, கழுவி, புது கிரீஸ் வெச்சு மாட்டுனது யாரு?”

“யாரு?”

“நான். இந்தக் கையால. நாலு வண்டிக்கும் நான்தான் பண்ணேன். அது எப்படி எரியும்?”

“இரும்புதானே அண்ணே. போகும்.”

“நான் மாட்டுனது போகாது,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, “சாக்கு சொல்றதுக்கும் கொஞ்சம் அறிவு வேணும். ஊர்ல எத்தனையோ காரணம் இருக்கு. புள்ளைக்குக் காய்ச்சல்ங்கலாம். போயும் போயும் நான் மாட்டுன பேரிங்கையா சொல்லணும்?”

“ஆர்லண்ணே! லவான் குரல நான் கேட்டேன். பொய் சொல்ற குரலில்ல அது.”

“பக்கத்துல தண்ணி தெளிக்கிற சத்தம் கேட்டுச்சா?”

“என்ன தண்ணி?”

“குளத்துத் தண்ணி.”

ரீட்டா என்னைப் பார்த்தாள். அவர் செய்தியைத் தட்டிப் பார்த்துவிட்டார். அவர் காதுக்கு அது பறையாகச் சொல்லிவிட்டது. இனி அதற்கடியில் அவர் நிற்கமாட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். முதல் நாற்காலியை மடக்கினார். அடுத்ததை மடக்கினார். நான்கையும் மடக்கித் தன் டிரெய்லரின் ஓரம் சாய்த்துவிட்டு மேட்டு வெளியை நோக்கி நடந்தார். அங்கே ஆபெலின் டிரெய்லர் முன்னால் கட்டியிருந்த துணிப்பந்தல் கிழிந்து தொங்கியது. யெசேனியா குழந்தையை டிரக்குக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பந்தலக் கழட்டு. கீழ வா,” என்றார் ஆர்லன்.

ஆபெலுக்குப் புரியவில்லை. “நாங்க என்ன பண்ணோம்ங்க?”

“இடம் வேணும்னியே. வேணுமா வேணாமா?”

“வேணும்...”

“அப்ப வா. நான் மனசு மாத்திக்கிறதுக்குள்ள.”

டிரெய்லரைப் பின்னோக்கி விட்டு ஓரிடத்தில் நிறுத்துவது எங்கள் பக்கத்தில் கல்யாணங்களைச் சோதிக்கும் வேலை. ஆபெலுக்கு அது முதல் தடவை போலிருக்கிறது, டிரெய்லர் மாமனாருடையது. அவன் வலப்பக்கம் திருப்ப, டிரெய்லர் இடப்பக்கம் போனது. யெசேனியா இறங்கி நின்று கத்தினாள். “பாறை! பாறை! எங்க பாக்கிற, பாறைய பாருடா!”

“பாத்துட்டுதான் இருக்கேன்!”

“பாத்துட்டு இடிக்கப் போறியா?”

ஆர்லன் இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னார். டேப் ஒட்டிய கண்ணாடியில் தெரியும்படி நின்று, கையை மட்டும் அசைத்தார். சுரங்கத்தில் சத்தத்துக்கு நடுவே பேசும் அதே கை. மூன்று வளைப்பில் டிரெய்லர் பாறையடியில் போய் அமைந்தது. தன் மரப்பலகைகளையே சக்கரத்தடியில் கொடுத்து மட்டம் பார்த்தார். ஆபெல் கை நீட்டினான். ஆர்லன் அந்தக் கையை, அதில் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறானா என்பதுபோலப் பார்த்துவிட்டுத்தான் பிடித்தார்.

மற்ற மூன்று இடங்களும் மதியத்துக்குள் போய்விட்டன. வழியில் முதலில் வந்தவர்களைக் கையைக் காட்டி உள்ளே விட்டார். யார், எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் யாரையும் கேள்வி கேட்காமல் விட்டதை நான் பார்த்தது அன்றுதான்.

“மனுசனுக்கு மனசு இளகிடுச்சு பாருங்க,” என்றாள் ரீட்டா.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுரங்கத்தில் ஒரு பகுதி சரியில்லை என்றால் அவர் குறுக்கே கயிறு கட்டி ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டுவார். அப்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும். இனி லவானே மனம் மாறி வந்தாலும் அவளுக்கு இடமில்லை. அதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். ஆனால் அதே செய்கையால் ஒரு கைக்குழந்தை காற்றிலிருந்து தப்பித் தூங்கியது. இதைக் கொடை என்பதா, கோபம் என்பதா? அவரைப் புகழ எனக்கு அவசரமில்லை. குழந்தைக்கு அந்தக் கேள்வியே இல்லை.

வெயில் சாயும் முன் வடக்கே புழுதி எழுந்தது. ஒரு டிரக், அதன் பின் ஒரு டிரக், அதன் பின் இன்னும் இரண்டு. நான்கு டிரெய்லர்களும் வரிசையாக வந்து ஆர்லனின் இடத்துக்கு எதிரே நின்றன. முதல் வண்டியிலிருந்து லவான் இறங்கினாள். குள்ளமான, வேகமான பெண். இடத்துக்கிடம் புது டிரெய்லர்களைப் பார்த்தாள். மடக்கிச் சாய்த்த நாற்காலிகளைப் பார்த்தாள். கடைசியாக அண்ணனைப் பார்த்தாள்.

“என்னண்ணே இது? யாரு இவங்கெல்லாம்?”

ஆர்லன் எழுந்து நின்றார். அவர்கள் வந்ததையே அவரால் நம்ப முடியவில்லை போலும். வரிசையின் கடைசி வண்டிவரை எண்ணுவதுபோலப் பார்த்தார்.

அதற்குள் யெசேனியா ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பெரிய வெள்ளிக்கு அவர்கள் வீட்டில் செய்வது: பழைய ரொட்டியைப் பட்டையிட்ட வெல்லப்பாகில் ஊறவைத்து, பாலாடைக்கட்டியும் உலர்ந்த திராட்சையும் தூவிய இனிப்பு. “நீங்கதான் இவரு தங்கச்சியா? உங்க அண்ணன் தங்கமான மனுசங்க. நேத்து வாயில திட்டுனாரு, இன்னிக்குக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து இடம் குடுத்தாரு. எங்க அப்பாகூட இப்படிப் பண்ணமாட்டாரு.”

லவான் தட்டை வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள். யெசேனியா போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கையை நீட்டி ஆர்லனின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லையே. நீ இடம் குடுக்கிற ஆளா?”

“சின்னப் புள்ளைங்க இருந்துச்சு,” என்றார் ஆர்லன். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் காட்டிக்கொடுப்பேனா என்று பார்த்த பார்வை அது.

“நான்தான் ரீட்டாகிட்ட சேதி சொன்னேனே. ரீட்டா, நீ சொல்லலையா?”

ரீட்டாவுக்குப் பொய் வராது. “காலைலயே சொல்லிட்டேன்.”

“எப்ப குடுத்தே இடத்த? சேதிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

ஆர்லன் மடக்கிய நாற்காலிகளின் பக்கம் திரும்பினார். லவானுக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை. அதே ரத்தம் அவள் உடம்பிலும் ஓடுகிறது; எங்கே தட்ட வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

“அப்ப நான் பொய் சொல்றேன்னு முடிவு பண்ணிட்டே.”

“கெல்டன் மாமனாரு வீட்ல குளம்...” என்று தொடங்கினார் ஆர்லன்.

“எந்தக் குளம்?” டிரக்கிலிருந்து இறங்கி வந்த கெல்டன் கேட்டான். “அதுல அவரு இன்னும் தண்ணியே விடல மாமா. அடியில வெடிச்சுக் கெடக்கு. பல்லி குடியிருக்கு.”

யாரோ ஒரு பிள்ளை வண்டிக்குள்ளிருந்து “பல்லியா? எங்க?” என்று கத்தியது. லவானுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டாள்.

“வருஷா வருஷம் வர்றோம். ஒரு வருஷம் வராம இருந்துருக்கோமா? சிரமப்படாதேன்னு சொன்னது உன் முட்டி வலிக்காகண்ணே. நாங்க நேத்து ராத்திரி ரோட்டோரத்துல வண்டிக்குள்ள தூங்குனோம், ‘அண்ணன் தனியா ஒக்காந்துருக்கும்’னு பேசிக்கிட்டே.”

“பேரிங் எரியாதும்மா,” என்றார் ஆர்லன். அவர் குரல் கெஞ்சியது. “நான் மாட்டுனது எரியாது. அதான்.”

கெல்டன் டிரக்கின் பின்புறம் போய் ஒரு பழைய காப்பி டப்பாவைக் கொண்டுவந்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு மாமாவிடம் நீட்டினான். உள்ளே பேரிங், இல்லை, முன்பு பேரிங்காக இருந்த ஒன்று. நீலம் பாரித்து, உருளைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தன. ஆர்லன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிரீஸ் இருந்ததா என்று விரலால் வழித்து மோந்தார்.

“கிரீஸ் குறையில்ல,” என்றார் மெதுவாக.

“இல்ல மாமா. கிரீஸ் நெறையவே இருந்துச்சு.” கெல்டன் மணலை உதைத்தான். “நட்டுதான். முழுசா முறுக்கி, அப்புறம் தளர்த்தி, விரல் முறுக்குல விட்டு, நட்டு திரும்பாம பின் ஊசி சொருகணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். இது விரல் முறுக்கு இல்ல. தளர்த்துனதுக்கப்புறம் மறுபடி ஸ்பேனர் போட்டுருக்கீங்க.”

ஆர்லன் பேரிங்கைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டார்.

“கொஞ்சம் ஆடுச்சு,” என்றார் ஆர்லன்.

“கொஞ்சம் ஆடணும்ல மாமா? இறுக்கிட்டா சூடேறி எரிஞ்சுடும்ல?”

“தெரியும். ஆனா ஆடுறத அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. இன்னொரு தடவ முறுக்கினேன்.” பிறகு அவர் நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. “நாலு வண்டிக்கும்.”

டப்பாவை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். முட்டிவலிக்காரர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. லவானின் டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்தார். அடுத்த சக்கரம், அடுத்த வண்டி. ஒவ்வொன்றும் சுட்டது. ஒன்று மற்றதைவிட அதிகம் சுட்டது. பிள்ளைகள் இறங்கி அவர் பின்னாலேயே நடந்து, அவர் வைத்த இடத்தில் தாங்களும் கை வைத்து, “ஆ!” என்று விளையாடினார்கள். அவர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். அந்தச் சக்கரங்களின் மேல் கணவாய் ஏறி இறங்கி வந்த பிள்ளைகள்.

“ஒரு வண்டியும் நகரக் கூடாது,” என்றார்.

“இங்கயே நடு ரோட்டுலயா?” என்றாள் லவான்.

“தள்ளிக்கிட்டாவது மேட்டுக்குப் போங்க. திரும்ப ரோட்டுல ஏறக் கூடாது, நான் பாக்கிற வரைக்கும்.”

ஆபெல் தன் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதாக வந்து சொன்னான். ஆர்லன் வேண்டாமென்று தலையசைத்தார். லவானின் குடும்பம் மேட்டு வெளியில், டிரெய்லர்களையே சுவராக வளைத்து நிறுத்தி, காற்றில் இறங்கியது. சனிக்கிழமை விடிந்ததும் ஆர்லன் தன் டிரெய்லரை டிரக்கில் பூட்டிக்கொண்டு தானும் மேட்டுக்குப் போனார். பாறையடியில் காலியான அந்த ஒரே இடத்தை லவானின் சின்ன மகள் குடும்பத்துக்குக் கொடுத்தார். இதற்கு யாரும் அவரைப் புகழவில்லை. சரிதான் என்று எனக்கும் பட்டது.

அன்று முழுக்கச் சக்கர வேலை. ஜாக்கி தூக்க கெல்டன், கிரீஸ் துடைக்க நான். எரிந்தது கெல்டனுடையது மட்டும்தான். மற்றவை நிறம் மாறவில்லை, பிழைத்தன. பாறைச் சரிவில் பிள்ளைகள் ஈஸ்டருக்குச் சாயம் பூசிய முட்டைகளை உருட்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள்; ஆபெலின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில். ஆபெலின் பிள்ளைகள் தங்கள் வழக்கப்படி வெறும் முட்டை ஓட்டுக்குள் காகிதத்துண்டு அடைத்து ஒருவர் தலையில் ஒருவர் உடைத்ததைப் பார்த்து லவானின் பேரப்பிள்ளைகள் முட்டை உருட்டுவதையே விட்டுவிட்டார்கள். தலையெல்லாம் காகிதம்.

ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஆர்லன் நட்டை முறுக்கினார், சக்கரத்தைச் சுற்றினார், தளர்த்தினார், விரலால் மட்டும் திருகி நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் கையில் மீதமிருந்தது. ஒவ்வொரு தடவையும் கெல்டன் கையை நீட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டான்.

கடைசி, லவானின் வண்டி. லவான் பச்சை நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, யெசேனியா கொடுத்த இனிப்பைத் தட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆர்லன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார். ‘டக்’கென்று மிகச் சிறிய ஒலி.

“கேட்டுச்சா?” என்றார் என்னிடம்.

“கேட்டுச்சு.”

“இப்படியே விடணும்?”

“இப்படியேதாண்ணே.”

மறுபடி அசைத்தார். மறுபடி அந்த ஒலி.

“முடிச்சுட்டியா இல்லையா?” என்றாள் லவான். “உன் எழுத்தப் போடு. பசிக்குது எல்லாருக்கும்.”

“நீதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கியே.”

“இது பசி இல்லண்ணே, இது உன்மேல இருக்கிற கோவம்.”

அவர் சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்தார். சக்கரத்துக்குப் பக்கத்துத் தகட்டில் தேதியை எழுதினார். பிறகு நிறுத்தினார். எழுதாமல், சாக்கட்டியைக் கெல்டனிடம் நீட்டினார்.

“நீ பாத்தேல்ல? நீ போடு.”

கெல்டன் குனிந்து சக்கரத்தை அசைத்துப் பார்த்தான். அந்த ஒலியைக் கேட்டான். தன் எழுத்துகளைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு நடந்தான். லவான் நாற்காலியை மடக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

ஆர்லன் என் பக்கம் சாய்ந்தார். “தம்பி, சரியா எழுதியிருக்கானான்னு பாரு.”

நான் குனிந்து பார்த்தேன். “சரியா இருக்குண்ணே.”

“ம்,” என்றார். நான் ஓடையை நோக்கி நடந்தேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கி, கெல்டன் எழுதியதைத் தானே படித்துக்கொண்டிருந்தார்.